ரோஸ் அலமாரி

பெண் குழந்தைக்கு ரோஸ் கலரும் இளவரசியும் பிறவியிலேயே பிடிக்கும், கடைக்காரர் அவள் கேட்பதைத்தான் கொடுக்கிறார், நாலைந்து வருடத்தில் தானாகவே சலித்துவிடும், பெரியவர்கள் இதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. இளவரசிப் படம் போட்ட ஸ்கூல் பேக், பென்சில் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கவுன், பிறந்தநாள் கேக் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருகிற பதில் இது. மகளை எப்பாடுபட்டாவது இன்ஜினியரிங் படிக்கவைத்துவிட வேண்டும் என்று நினைக்கிற பெற்றோரும் இதையே சொல்கிறார்கள். சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை; ஆனால் சொல்வது தவறு. இந்தப் பொருள்கள் எப்போது, யாரால், என்ன கணக்கில் கடைக்கு வந்தன என்று தேடிப் பார்த்தால், பிறவி ஆசை எனப்படுவதில் பெரும்பகுதி எந்த வருடத்தில் பிறந்தது என்றே குறித்துச் சொல்லிவிட முடியும்.

டிஸ்னி நிறுவனத்தின் 'ஸ்னோ ஒயிட்' 1937-இல் வந்தது. 'சிண்ட்ரெல்லா' 1950, 'ஸ்லீப்பிங் பியூட்டி' 1959. பிறகு முப்பது வருடம் கழித்து, 1989-இல் 'லிட்டில் மெர்மெய்ட்'. இந்தப் படங்களின் நாயகிகள் ஒருத்தி கதைக்குள் இன்னொருத்தி கால் வைத்ததில்லை. 'டிஸ்னி பிரின்சஸ்' என்ற கூட்டம் அந்தப் படங்கள் எதிலும் கிடையாது. அது பொருள் விற்பனைப் பிரிவில் பிறந்தது. நைக்கி காலணி நிறுவனத்திலிருந்து அந்தப் பிரிவின் தலைவராக வந்த ஆண்டி மூனி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் டிஸ்னியின் பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கப் போனார். வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் இளவரசி வேடத்தில் வந்திருந்தார்கள். அந்த உடைகள் தன் நிறுவனம் விற்றவை அல்ல என்பது அவர் கண்ணில் பட்டது. ஒன்பது நாயகிகளை ஒரே பெயரின் கீழ் கட்டி விற்கும் யோசனை அங்கிருந்து வந்தது. 2001-இல் உலகம் முழுக்க 30 கோடி டாலராக இருந்த விற்பனை, 2006-இல் 300 கோடி டாலரைத் தொட்டது. அந்த நேரத்தில் கடைகளில் இருந்த இளவரசிப் பொருள்கள் 25,000-க்கும் மேல். இதையெல்லாம் அந்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய பெக்கி ஓரன்ஸ்டைன், 2011-இல் ஒரு முழுப் புத்தகமாகவே விரித்து எழுதினார்.

இங்கே எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு வாதம் கிடைக்கிறது. டிஸ்னி விற்காத உடையை அந்தச் சிறுமிகள் தாங்களாகவே போட்டுக்கொண்டு வந்தார்கள் என்றால், ஆசை முன்பே இருந்தது என்றுதானே பொருள்? இருந்தது, உண்மைதான். அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு ராணியாக நடப்பது எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். அதே குழந்தை மறுநாள் டீச்சராகும், அதற்கடுத்த நாள் புலியாகும், பஸ் கண்டக்டராகும். ராணி வேடம் அந்த நூறு வேடங்களில் ஒன்று. காலையில் பல் விளக்கும் பிரஷ்ஷிலிருந்து இரவு படுக்கும் போர்வை வரைக்கும் ஒரே வேடத்தை அச்சடித்து வைத்தால், மீதி வேடங்கள் ஒவ்வொன்றாக விளையாட்டிலிருந்து விலகிப்போகின்றன. ஃபீனிக்ஸில் மூனி பார்த்தது ஒரு மாலை நேரத்து விளையாட்டு. அவர் கடைக்குக் கொண்டுவந்தது ஒரு சிறுமியின் நாள் முழுவதையும் நிரப்பக்கூடிய சரக்கு.

அந்தச் சரக்கில் ஒன்றான டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஐந்தாறு இளவரசிகள் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒருத்தி மேலே பார்க்கிறாள், ஒருத்தி பக்கவாட்டில், ஒருத்தி நேரே. ஒருத்தியும் பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கவில்லை. இது ஓவியர் கவனக்குறைவால் வந்ததல்ல. ஒவ்வொரு கதையும் தனித்தனியாக இருக்க வேண்டும், அதனால் கூட்டமாக நிற்கும்போதும் இளவரசிகள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது நிறுவனம் வகுத்த விதி. இத்தனை பெண்கள் ஒன்றாக நிற்கும் இடத்திலும் தோழமைக்கு வழியில்லை. அதே மூடியில் முலானைத் தேடினால் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். 1998-இல் வந்த படத்தில் அவள் வயதான தகப்பனுக்குப் பதிலாகப் போருக்குப் போகிறாள்; வாளால் தன் கூந்தலைத் தானே அறுத்துக்கொள்கிறாள். மூடியில் பெரும்பாலும் அவள் மேல் இருப்பது கல்யாணத் தரகியைப் பார்க்கப் போனபோது போட்டுவிட்ட பட்டுடை. படத்தில் அந்த அலங்காரம் பொருந்தாமல் தவித்தவள், முகப்பூச்சைத் தன் கையாலேயே துடைத்து எறிகிறாள். விற்பனைப் பொருளில் அதே அலங்காரம் திரும்பி வந்துவிட்டது, வாளைக் காணோம்.

நல்ல படங்கள் வரத் தொடங்கிவிட்டன, எனவே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்போருக்கும் இதே மூடிதான் பதில். 2012-இல் வந்த 'பிரேவ்' படத்தின் மெரிடா வில்லெடுத்தவள், சுயம்வரத்தில் தனக்காகத் தானே போட்டியிட்டவள், சீப்புக்கு அடங்காத சுருட்டைச் செம்முடிக்காரி. அடுத்த ஆண்டு அவளை இளவரசி வரிசையில் சேர்த்தபோது வெளியான புதிய உருவத்தில் இடுப்பு ஒடுங்கியிருந்தது, கழுத்து வெட்டு இறங்கியிருந்தது, முடி படிந்திருந்தது, வில்லும் அம்புக்கூடும் போய்விட்டிருந்தன. அந்தப் பாத்திரத்தைப் படைத்து, படத்தை இணைந்து இயக்கிய பிரெண்டா சாப்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டன மனுவில் கையெழுத்திட்டார்கள். குழந்தை கேட்பதைத்தான் தருகிறோம் என்பது உண்மையானால், மெரிடாவின் இடுப்பை ஒடுக்கச் சொல்லிக் கேட்ட குழந்தை யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

படங்களையும் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. கார்மன் ஃபாட், காரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்து 2016-இல் வெளியிட்ட கணக்கு பலரையும் திகைக்க வைத்தது. பழைய 'சிண்ட்ரெல்லா'வில் வசனத்தில் பாதிக்கு மேல் பெண்களுடையது. நாற்பது வருட முன்னேற்றத்துக்குப் பின் வந்த படங்களில் நிலைமை தலைகீழ். 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் ஆண்கள் பேசுவது 68 சதவீதம், 'அலாதீன்' படத்தில் 90, 'முலான்' படத்தில் 77. முலானுக்குத் துணையாக வரும் குட்டி டிராகன் முலானைவிட ஒன்றரை மடங்கு பேசுகிறது. இளவரசிப் படம் என்று பெயர். ஆனால் அதில் வாய் திறப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நண்பன், கடைக்காரன், காவலாளி, ஊர்க்காரன் என்று யோசிக்காமல் எழுதப்படும் சில்லறைப் பாத்திரங்கள் எல்லாமே ஆணாகிப்போவதுதான் இதற்குப் பெரும் காரணம்.

ரோஸ் கலர் கதை இன்னும் தெளிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகள், ஆணோ பெண்ணோ, வெள்ளைக் கவுன்தான் அணிந்தார்கள்; வெந்நீரில் போட்டு வெளுக்க அதுவே வசதி. பின்னாளில் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரண்டரை வயதுப் புகைப்படத்தில் கவுனும் நீண்ட முடியும் இருக்கின்றன. 1918-இல் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஒரு அமெரிக்க இதழ் கொடுத்த அறிவுரை, ரோஸ் அழுத்தமான நிறம் என்பதால் பையனுக்கு, நீலம் மென்மையானது என்பதால் பெண்ணுக்கு என்பது. 1927-இல் டைம் இதழ் பெரிய கடைகளிடம் கேட்டுப் போட்ட பட்டியலிலும் பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, கிளீவ்லாந்து நகரங்களின் முன்னணிக் கடைகள் பையனுக்கு ரோஸ் என்றே சொல்லியிருந்தன. இன்றைய வழக்கம் 1940-களில்தான் நிலைபெற்றது. 1970-களில் பெண்ணுரிமை இயக்கத்தின் அலையில் மீண்டும் தளர்ந்தது. 1980-களின் நடுவில் முன்னைவிட இறுக்கமாகத் திரும்பியது. இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்துத் தொகுத்தவர் ஜோ பாவோலெட்டி என்ற ஆடை வரலாற்றாய்வாளர். நூறு வருடத்துக்குள் இப்படிப் புரண்டு புரண்டு மாறிய ஒன்றைப் பிறவிக்குணம் என்று சொல்ல வழியில்லை.

1980-களில் அது ஏன் திரும்பியது என்பதில்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. எலிசபெத் ஸ்வீட் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் சியர்ஸ் கடையின் பழைய பொம்மைப் பட்டியல்களை அலசியபோது, 1975-ஆம் ஆண்டுப் பட்டியலில் இது பையனுக்கு, இது பெண்ணுக்கு என்று வெளிப்படையாக முத்திரை குத்திய பொம்மைகள் இரண்டு சதவீதம்கூட இல்லை என்று கண்டார். 1984-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை நீக்கியது. பொம்மையை விற்பதற்கென்றே கார்ட்டூன் தொடர்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு தொடரும் பையனுக்கு அல்லது பெண்ணுக்கு என்று குறிபார்த்து வந்தது. இன்னொரு பக்கம், பிறக்கும் முன்பே ஆணா பெண்ணா என்று அமெரிக்கப் பெற்றோர் தெரிந்துகொள்ள முடிந்ததால், பிறக்காத குழந்தைக்கும் நிறம் பார்த்துச் சாமான் வாங்கும் பழக்கம் வந்தது. வியாபாரியின் கணக்கு எளிமையானது. சிவப்பு சைக்கிளை அண்ணன் ஓட்டி முடித்ததும் தங்கை ஓட்டுவாள். ரோஸ் சைக்கிள் என்றால் தம்பி தொடமாட்டான், இன்னொன்று வாங்கியாக வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் ஒரு நடைவண்டி மூத்த பிள்ளைக்கு வாங்கியது கடைக்குட்டி வரைக்கும் உருண்டது, பிறகு சித்தப்பா வீட்டுக்கும் போனது. அந்த வண்டிக்கு ஆண் பெண் என்ற நிறம் இருந்திருந்தால் இரண்டு வண்டி விற்றிருக்கும். உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டை இந்தியக் கடைகளில் பெண்ணுக்கு ரோஸ், பையனுக்கு நீலம் என்று பிரிந்து வந்ததும் இதே கணக்கில்தான்.

லெகோ நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றில் இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி ஜீன்ஸும் நீலச் சட்டையுமாக, தான் கட்டிய கோணல்மாணலான ஒன்றைப் பெருமையோடு தூக்கிக் காட்டுகிறாள். கட்டைகள் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. 2012-இல் அதே நிறுவனம் பெண்களுக்கென்று 'லெகோ ஃபிரெண்ட்ஸ்' வரிசையை இறக்கியது. பியூட்டி பார்லரும் கஃபேயும் இருந்தன. நியாயமாகச் சொன்னால், கண்டுபிடிப்பாளரின் பட்டறை ஒன்றும் இருந்தது. கவனிக்க வேண்டியது அதில் வரும் பொம்மை மனுஷியை. பழைய லெகோ மனிதனின் கால்கள் தனித்தனியே அசையும், மணிக்கட்டு சுழலும். புதியவள் ஒல்லியாக, வடிவாக இருக்கிறாள். அவள் மணிக்கட்டு சுழலாது, இரண்டு கால்களும் ஒட்டியே அசையும், ஒரு காலை முன்னே வைத்து நடக்க முடியாது. இந்த வரிசை நன்றாக விற்றதால் பெண்களைக் கட்டைகளிடம் கொண்டுவந்துவிட்டது என்று பாராட்டுகிறவர்கள், 1981-இல் அந்தச் சிறுமி கையில் கட்டை ஏற்கெனவே இருந்ததை மறந்துவிடுகிறார்கள். முதலில் வேலி போட்டு, பிறகு வேலிக்குள் தனிக் கடை திறந்ததைக் கொடை என்று சொல்வது சரியல்ல.

அறிவியலைத் துணைக்கு அழைக்கிறவர்கள் குரங்குகளைக் காட்டுகிறார்கள். 2002-இல் வெளியான ஆய்வில் வெர்வெட் குரங்குகளுக்குப் பொம்மைகள் கொடுத்துப் பார்த்தபோது, ஆண் குரங்குகள் பந்தையும் போலீஸ் காரையும், பெண் குரங்குகள் பாப்பா பொம்மையையும் சமையல் சட்டியையும் கூடுதல் நேரம் வைத்திருந்தன. சட்டி என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். எந்தக் குரங்கும் சமைத்ததில்லை. சமையல் சட்டி பெண்ணுக்குரியது என்பது மனித வீட்டு ஏற்பாடு. அது குரங்கின் ரத்தத்தில் இருக்க வழியில்லை. அந்தக் குரங்குகளை ஈர்த்தது வடிவமோ நிறமோ வேறு எதுவோ. 'பெண் பொம்மை' என்ற பெயரை வைத்தவர்கள் மனிதர்கள். இதற்காக, பிறவி வேறுபாடு கடுகளவும் இல்லை என்று சாதிக்கத் தேவையில்லை. கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் கோளாறோடு பிறந்த பெண் குழந்தைகள் வண்டி வாகனங்களை அதிகம் நாடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சராசரியில் ஒரு சாய்வு இருக்கலாம். ஆனால் சாய்வு இருப்பது வேறு, அதை இரண்டு தனி அலமாரிகளாகப் பிளப்பது வேறு. ரோஸ் நிறத்தைப் பற்றி நேரடியாகவே ஒரு ஆய்வு உண்டு. வனெஸா லோபியூவும் ஜூடி டிலோச்சும் ஏழு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் முன்னால் ஒரே மாதிரிப் பொருளை இரண்டு நிறங்களில் நீட்டினார்கள். கைக்குழந்தைகளிடம் ஆண் பெண் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வயதில் பெண்கள் ரோஸை எடுக்கத் தொடங்குகிறார்கள், இரண்டரையில் அது தெளிவாகிறது, அதே வேளையில் பையன்கள் அதிலிருந்து கையை விலக்கிக்கொண்டே போகிறார்கள். தான் ஆணா பெண்ணா என்பது குழந்தைக்குப் பிடிபடும் வயது அது. அந்த வயதுக் குழந்தை தன் இனத்தின் அடையாளம் எது என்று சுற்றிலும் தேடுகிறது. கண்ணுக்கு முதலில் படுவது அலமாரியின் நிறம்.

தமிழ் மரபிலும் இந்தப் பிரிவு இருந்ததே என்ற வாதமும் எழலாம். இருந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று பிரிகின்றன: ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாலுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் வீடு கட்டுகிறார்கள், பையன் அதைக் காலால் கலைக்கிறான், கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். மரபு என்பதால் அந்தக் காட்சி சரியாகிவிடாது. மணல் வீட்டைப் பறிகொடுக்கும் சிறுமியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் மரபைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதை முழுதாகக் கேட்க வேண்டும். காப்பு முதல் அம்புலி வரை முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. தாலாட்டும், கைகொட்டலும், முத்தமும், நிலாவைக் கூப்பிடுவதும் எந்தக் குழந்தைக்கும் ஒன்றுதான். தொட்டிலுக்கு முன்பே நிறம் பிரிக்கும் வழக்கத்துக்கு அந்த இலக்கியத்தில் ஆதாரம் கிடையாது.

வெறும் பொம்மைதானே, என்ன கெட்டுவிடும் என்பது எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம். 2014-இல் அரோரா ஷெர்மனும் ஐலீன் சர்பிரிகனும் நான்கிலிருந்து ஏழு வயதுக்குட்பட்ட 37 சிறுமிகளைச் சில நிமிடங்கள் விளையாடவிட்டு, பெரியவளானால் நீ என்னென்ன வேலை செய்யலாம், ஒரு பையன் என்னென்ன செய்யலாம் என்று கேட்டார்கள். உருளைக்கிழங்கு உருவப் பொம்மையோடு விளையாடியவர்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை சொன்னார்கள். பார்பியோடு விளையாடியவர்கள் தங்களுக்குக் குறைவாகச் சொன்னார்கள். டாக்டர் கோட் போட்ட பார்பியைக் கொடுத்தபோதும் அப்படியே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் டாக்டர் உடை மாட்டிவிட்டால் பார்பி முன்மாதிரி ஆகிவிடுவாள் என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் மனதை வருத்துவது. ரொம்ப ரொம்பப் புத்திசாலி யார் என்று கேட்டால் ஐந்து வயதில் பெண்ணும் பையனும் தங்கள் பக்கத்தையே காட்டுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் பெண்கள் தங்கள் பக்கத்தைக் காட்டுவது குறைந்துவிடுகிறது. புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னால் ஒதுங்கத் தொடங்குகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்குள் நடந்துவிடுகிற காரியம் இது. இதை முழுக்கப் பொம்மையின் தலையில் கட்ட முடியாது. பொம்மைக்குப் பங்கில்லை என்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் பெறுவோரில் பெண்கள் 1984 வாக்கில் 37 சதவீதம் இருந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விளம்பரம் செய்த தலைமுறை வளர்ந்து கல்லூரிக்கு வந்தபோது அது சரியத் தொடங்கி, 18 அளவுக்கு இறங்கியது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவிகளிடம் ஆய்வாளர் ஜேன் மார்கோலிஸ் பேசிப் பார்த்தபோது, வீட்டில் கம்ப்யூட்டர் அண்ணன் தம்பி அறையில்தான் இருந்தது என்பது திரும்பத் திரும்ப வந்தது.

இளவரசிகளுக்கு ஆதரவாக அண்மையில் மேற்கோள் காட்டப்படுவது சாரா காயின் குழுவின் ஆய்வு. 2016-இல் அவர்கள் 198 பாலர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் அதிகம் ஊறியவர்கள் ஒரு வருடம் கழித்து 'பெண் என்றால் இப்படி' என்ற அச்சுக்குள் கூடுதலாகப் பொருந்தியிருந்ததைக் கண்டார்கள். 2021-இல் அதே குழு, அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் பார்த்தபோது, முன்பு இளவரசிக் கதைகளில் ஊறியவர்களிடம் ஆண்மை பற்றிய இறுகிய நம்பிக்கைகள் குறைவாக இருந்தன, பெண்களைப் பற்றிய பார்வை சமத்துவமாக இருந்தது. எனவே இளவரசிகள் நல்லவர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வு சொல்வதை அப்படியே ஏற்கலாம். அது அலமாரிக்காரர்களுக்கு உதவாது. ஒரு பெண்ணை நடுவில் வைத்து அவள் ஆசையையும் அழுகையையும் சொல்லும் கதை, கேட்கிற குழந்தைக்கு நல்லது செய்கிறது என்பதுதான் அதன் சாரம். பையன்களுக்கும் நல்லது. ஆனால் 2016-ஆம் ஆண்டுக் கணக்கில், வாரம் ஒருமுறையாவது இளவரசிப் பொம்மையோடு விளையாடிய பெண்கள் 61 சதவீதம், பையன்கள் 4 சதவீதம். படத்தைப் பெரும்பாலான பையன்கள் பார்த்திருந்தார்கள். பொம்மையைத் தொட்டவர்கள்தான் மிகக் குறைவு. சமையல் செட்டைக் கேட்டு அழுத பையனுக்கு "இது பொம்பளப் பிள்ளைங்களுது" என்று கடையிலேயே கிடைக்கும் பதிலில் அவன் இழப்பது ஒரு பொம்மையைவிடப் பெரியது.

பையன்கள் பெண் நாயகியைப் பார்க்கவே மாட்டார்கள் என்பதைத் தமிழ் வீடுகளே பொய்யாக்கியிருக்கின்றன. சுட்டி டிவியில் வந்த 'டோராவின் பயணங்கள்' தொடரை அக்கா தம்பி வித்தியாசமில்லாமல் ஒரு தலைமுறையே பார்த்தது. 2000-இல் அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகிக்குக் கிரீடம் இல்லை. கட்டை முடி, அரைக்கால் டிரவுசர், முதுகில் ஒரு பை, கையில் வரைபடம், கூட ஒரு குரங்கு. ஆறும் பாலமும் மலையும் தாண்டிப் போவதுதான் கதை. அவள் சட்டை ரோஸ்தான்; பையன்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்படி உலகம் முழுக்கக் குழந்தைகள் கேட்டு வாங்கிய டோராவை, 2009-இல் நிக்கலோடியனும் மாட்டெல் பொம்மை நிறுவனமும் நீள முடியும் நகையும் நவநாகரிக உடையுமாகச் சற்று வயது ஏற்றிப் புதுப் பொம்மையாக அறிவித்தன. அமெரிக்கத் தாய்மார்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். குழந்தை விரும்பியது ஒன்று, வியாபாரம் அதன் மேல் போர்த்தியது இன்னொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதைச் சொன்னால், இளவரசியைத் தடை செய்யச் சொல்கிறார்கள், பெற்றோர் உரிமையில் கைவைக்கிறார்கள் என்ற கூச்சல் எழுகிறது. நடந்திருக்கும் மாற்றங்களில் அப்படி எதுவும் இல்லை. 2015-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் பொம்மைப் பகுதியில் ஆண், பெண் அறிவிப்புப் பலகைகளை எடுத்தன. பொம்மைகள் அங்கேயே இருந்தன. 2019-இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தீங்கு விளைவிக்கும் பாலின அச்சுகளை விளம்பரங்களில் காட்டக்கூடாது என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விதி விளம்பரத்துக்கு, பொருளுக்கு அல்ல. கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் இயற்றி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள பெரிய கடைகளுக்கு மட்டும் பொருந்தும். பொம்மைகளையும் குழந்தைப் பராமரிப்புப் பொருள்களையும், பெண்ணுக்கு என்றோ பையனுக்கு என்றோ விற்கப்பட்டு வந்தவை எவையானாலும், சேர்த்து வைத்த ஒரு பொதுப் பகுதி கடையில் இருக்க வேண்டும் என்கிறது அது. துணிமணிகள் அதில் சேராது. மீறினால் முதல் முறை 250 டாலர் வரையும், அதன் பிறகு 500 டாலர் வரையும் அபராதம். ரோஸ் அலமாரியை எடுக்கச் சொல்லி அச்சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. இளவரசிப் பொம்மை பொதுப் பகுதியிலும் இருக்கலாம். லாரியும் கட்டைகளும் சமையல் செட்டும் அதன் பக்கத்தில், யார் கைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கும்.